வால்வு ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

“நெஞ்சுக்குள்ள கோழி றெக்கையடிக்கற மாட்ட இருக்குது கண்ணு” என்றார் அன்னூர்ப் பெரியம்மா. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி, பிறகு மெலிதாக ஒன்று. தாளமே இல்லை. கோவையில் ஈசிஜி எடுத்ததும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது எக்கோவில் தெரிந்தது.

தொண்டை வலியில் தொடங்கியது

சிறுவயதில் தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலைக் கொண்டுவரும். அதன் தழும்பு பல ஆண்டுகளில் வால்வைச் சுருக்கிவிடும். ரத்தம் தேங்கி இடது மேலறை வீங்க, துடிப்பு தாறுமாறாகும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அறை சுருங்காமல் நடுங்குவதால், அதன் ஓரத்தில் கட்டைவிரல்போல் நீண்டிருக்கும் சிறு பையில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்.

தழும்பே வரப்பு

இந்தத் தாறுமாறான துடிப்பைச் சீராக்க, 1987இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காக்ஸ் என்ற மருத்துவர் மேலறைச் சுவரைக் கணக்காகச் சில கோடுகளில் வெட்டித் தைத்தார். இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சாரம் தழும்பில் பாயாது. வரப்புக் கட்டி வாய்க்கால் தண்ணீரைத் திருப்புகிற வேலை இது. ‘மேஸ்’ என்று பெயர். இன்று பெரும்பாலும் ரேடியோ அலைச் சூட்டாலோ கடுங்குளிராலோ அந்தக் கோடுகளைப் போடுகிறார்கள்.

வால்வில் கோளாறு இல்லாதவர்கள் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. மருந்துக்கு அடங்காவிட்டால் தொடை ரத்தக்குழாய் வழியாகச் செய்யும் கதீட்டர் அப்லேஷனே பெரும்பாலோருக்குப் போதும்.

பையையும் அடைக்கலாம்

வால்வுக்காக நெஞ்சைத் திறக்கத்தான் போகிறார்கள் என்றால், “மேஸும் சேர்த்துச் செய்ய முடியுமா, அந்தப் பையை அடைப்பீர்களா?” என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இருதய அறுவைக்கு வந்த சுமார் 4,800 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பையை அடைத்தவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும் அடைக்காதவர்களில் 7 சதவீதம் பேருக்கும் பக்கவாதமோ வேறிடத்தில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தது. பெரும்பாலோர் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும் தொடர்ந்தார்கள். ஆகவே பையை அடைத்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எல்லோருக்கும் மேஸ் ஒத்துவராது. மேலறை மிகவும் வீங்கியிருந்தால் பலன் குறைவு. சிலருக்குப் பின்னால் பேஸ்மேக்கர் தேவைப்படும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்கிறவர்கள், கூடுதலாகச் செய்வதும் அதில் அடங்குமா என்று முன்பே விசாரிக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

முதல் மூன்று மாதம் படபடப்பு எட்டிப் பார்த்துப் போகலாம். அதற்காக ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரியம்மாவுக்கு ஆபரேஷனில் வைத்தது உலோக வால்வு. அதனால் ஆயுளுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை தவறாமல். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையை மட்டுப்படுத்தும். அடியோடு விட வேண்டாம், அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே கரண்டி அளவு முருங்கைக்கீரை என்று பெரியம்மா கணக்கு வைத்திருக்கிறார்.