வைரஸ் அடங்கிய பிறகு இதயத்தையும் கவனியுங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தபோது, நோயாளிக்குக் கொடுக்க மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இன்று அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பேரன் பேத்தி எடுக்கும் வயதுவரை வாழ முடியும். அந்த வயதுக்கே உரிய சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு எல்லாம் அவருக்கும் வரலாம். வைரஸ் அடங்கிய பின்னும் உடலுக்குள் லேசான அழற்சி தொடர்வதால், இதய நோய் அபாயம் மற்றவர்களைவிட அவருக்குக் கூடுதல்.

மாத்திரைதான் முதல் பழக்கம்

உணவு, நடை, தூக்கம் எல்லாமே இதற்குப் பிறகுதான். தினமும் ஒரே நேரத்தில், ஒரு வேளையும் விடாமல் மாத்திரை போட வேண்டும். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைவருக்குத் தொற்று பரவாது. உலக சுகாதார நிறுவனமே உறுதியாகச் சொல்லும் செய்தி இது. நம் ஊர்களில் இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை என்பது வேதனை.

இப்போது அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் பெரும்பாலோருக்குத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். இல்லையென்றால், இந்த மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவற்றைச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் இதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தது, மூட்டுவலி, இடுப்புவலி என்று மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரை. டெனோஃபோவிரோடு அது சேரும்போது சிறுநீரகம் கெடும் அபாயம் கூடுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் அதை ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

பீடி, சிகரெட்

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்று யாராவது சொன்னால், புகையை விடுங்கள் என்றே சொல்வேன். டென்மார்க்கில் சிகிச்சையில் இருப்பவர்களிடம் நடந்த ஆய்வில், எச்.ஐ.வி. பறித்த ஆயுள் ஏறத்தாழ 5 ஆண்டு. புகைப்பழக்கம் பறித்ததோ 12 ஆண்டுக்கும் மேல். வைரஸை மருந்து கட்டிப்போட்டுவிடுகிறது. பீடியைக் கட்டிப்போட அதனால் முடியாது. மது விஷயத்தில் கல்லீரல் ஒரு கவலை என்றால், போதையில் அன்றைய மாத்திரை மறந்துபோவது அதைவிடப் பெரிய கவலை.

ஒல்லியாகிவிடுவோமோ என்ற பயம்

"என்ன, ஆளே இளைச்சுட்டே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சியே அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. எயிட்ஸ் என்றாலே எலும்பும் தோலும் என்று சுவரொட்டிகளில் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இன்றைய மருந்தில் பலருக்கு எடை கூடுகிறது. கூடவே இடுப்புச் சுற்றளவும், சர்க்கரையும் கூடலாம். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரையைக் கூட்டினால் போதும். விலை உயர்ந்த சத்து மாவு டப்பா எதுவும் வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடங்கள். லேகியத்தில் எச்.ஐ.வி.யைக் குணப்படுத்துகிறேன், மாத்திரையை நிறுத்து என்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கேட்டுப் பெற வேண்டிய பரிசோதனைகள்

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே அதற்கான பரிசோதனை தேவை. இருமல் வந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்காமல் உடனே காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2023-இல் ஒரு நல்ல செய்தி வந்தது: கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாடின் மாத்திரையைத் தினமும் எடுத்த எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்திருந்தன.

உங்கள் நிலையை உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்வதும், அதைக் காட்டி வேலையைவிட்டு நீக்குவதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தடை செய்யப்பட்டவை. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போது, வைரஸ் அளவோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் நான்கையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.