ஆறு மணிக்கு வரும் விருந்தாளி

மாலையில் விளக்கேற்றுகிற நேரம். கொல்லைப்பக்கத்திலிருந்து யாரோ பையன் விசில் அடிப்பதுபோல், 'வீட்... டியூ' என்று இரண்டு சுருதியில் ஒரு சத்தம் வருகிறதா? பையன் இல்லை, சகோதரிகளே! அதுதான் ஆறுமணிக்குருவி.

விடிகிற வேளையிலும் இருட்டுகிற வேளையிலும் கடிகாரம் மாதிரி கூப்பிடுவதால் நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். குரல் கேட்கும், ஆள் அகப்படாது!

மைனாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகு பச்சை, இறக்கையில் மயில் நீலம், மார்பு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை. இந்தியில் 'நவ்ரங்' என்கிறார்கள், ஒன்பது நிறமாம். இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் 'பிட்டா' என்ற பெயர் தெலுங்கிலிருந்து போனது. அங்கே பிட்டா என்றால் குருவி. சிங்களவர்களிடம் ஒரு கதை உண்டு. இதன் உடுப்பை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாம். அதைச் சொல்லித்தான் தினமும் புலம்புகிறதாம்!

இரண்டு தடவை ஏமாற்றம்

2018-இல் ஆயுத பூஜை விடுமுறைக்குக் கோடியக்கரை போயிருந்தோம். "நேத்து சாயங்காலம்கூட இந்தப் புதர்கிட்டத்தான் நின்னுச்சும்மா" என்றார் எங்களைக் காட்டுக்குள் அழைத்துப்போனவர். இரண்டு நாள் காத்திருந்தும் குரல்தான் கேட்டது.

அடுத்தது 2021 அக்டோபரில். தாம்பரத்தில் எங்கள் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தில் ஒன்று களைத்துப்போய் விழுந்து கிடந்ததாம். நான் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்புவதற்குள், "இப்பத்தான்டி பறந்து போச்சு!" என்றார் அந்த மாமி.

களைப்பு வராமல் என்ன செய்யும்? இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. சில இலங்கை வரைக்கும் போகும். இராத்திரியில் பறந்து வருவதால், புரட்டாசி, ஐப்பசியில் வீட்டு விளக்கைப் பார்த்துத் தடுமாறி உள்ளே வந்துவிடுவதும் உண்டு.

சமையலறை ஜன்னல் வழியே

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம், ஒரு நாரத்தை. அடியில் கணுக்கால் அளவு சருகு. "இந்தக் குப்பையைக் கூட்டி எரிச்சிட்டு, சிமெண்ட் போட்டுட்டா வண்டி நிறுத்தலாம்" என்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் திட்டம். 2023 நவம்பரில் கொத்தனார் வந்து அளவெடுத்துப் போய்விட்டார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். கண் மங்கிய என் மாமியார் மட்டும், "அந்த மூலையில ஏதோ கூப்பிடுதேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு விடியற்காலை பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே சருகு சரசரத்தது. எலியோ என்று எட்டிப் பார்த்தால்... அதேதான்! குட்டை வாலை மெள்ள மேலும் கீழும் ஆட்டியபடி, ஒவ்வொரு இலையாகப் புரட்டி, ஒரு புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் இவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். ஐந்து நிமிஷம் இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அது போனதும் இவர் மெதுவாக, "கொத்தனார்கிட்ட முன்பக்கம் மட்டும் போதும்னு சொல்லிடறேன்" என்றார். மாமியாருக்கு நிறம் நிறமாக வர்ணித்தேன். "நான்தான் சொன்னேனே!" என்று அவருக்கு ஒரே பெருமை.

நீங்கள் செய்யலாமே!

நாம் குப்பை என்று எரிக்கிற சருகுதான் இதற்குச் சாப்பாட்டுத் தட்டு. எனவே:

* தோட்டத்தில் ஒரு மூலையையாவது கூட்டாமல் விடுங்கள். சருகு மக்கினால் செடிக்கும் உரம்.
* அந்த இடத்தில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். பூனையை விரட்டுங்கள்.
* களைத்து விழுந்த பறவையைக் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் புதரடியில் விடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.
* கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஐப்பசி பிறந்ததும் ஆறு மணிக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் கண்தான் முதலில் கண்டுபிடிக்கும்!