அனுப்புநர் யார்?

எங்கள் வீட்டில் ஒரே கணினி. அதிலுள்ள தண்டர்பேர்ட் மென்பொருளில் வாப்பாவின் ஜிமெயில் கணக்கு மட்டுமே இருந்தது. ராத்தா ஒரு பயிற்சிநெறிக்கு அதிலிருந்தே விண்ணப்பித்தார். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்போ வாப்பாவின் கடைக் கடிதங்களுக்கிடையில் கிடந்தது. நாங்கள் கண்டபோது திகதி கடந்து மூன்று நாட்கள்.

மின்னஞ்சலுக்கும் தபாலைப் போல உறை உண்டு. உறையில் ஓர் அனுப்புநர் முகவரி, உள்ளே கடிதத் தலைப்பில் இன்னொன்று. கடிதம் சேராவிட்டால் திரும்பி வருவது உறை முகவரிக்கு. திரையில் நாம் காண்பதும், சாதாரணமாகப் பதில் போவதும் தலைப்பு முகவரிக்கே. 1982இல் எஸ்.எம்.டி.பி. விதிமுறை எழுதப்பட்டபோது அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. மோசடிக்காரர்களுக்கு அது நல்ல வசதி! எனவேதான் இன்று பெறும் சேவையகங்கள், இந்த முகவரிக்காகக் கடிதம் அனுப்ப இந்தச் சேவையகத்துக்கு அனுமதி உண்டா என்று சோதிக்கின்றன. இல்லையெனில் கடிதம் ஸ்பேமுக்குப் போகலாம், திருப்பியும் அனுப்பப்படலாம்.

இதை அறியாமல் நான் முதலில் குறுக்குவழி தேடினேன். வாப்பாவின் கணக்கு அமைப்பில் ராத்தாவின் முகவரியை இன்னோர் 'அடையாளமாக'ச் சேர்த்து, எனக்கே ஒரு கடிதம் அனுப்பினேன். வந்ததோ மீண்டும் வாப்பாவின் முகவரியுடன்! தன்னிடம் உறுதிப்படுத்தாத முகவரியை ஜிமெயில் மாற்றிவிடுகிறது. பிறகு ராத்தாவின் கணக்கையே தனியாகச் சேர்த்தேன். வெளிச்செல்லும் சேவையகமும் அவருடைய கடவுச்சொல்லுடன் தனியாக அமைந்தது.

இப்போது கடிதம் எழுதும் சாளரத்தின் மேல்வரியில் இரண்டு பெயர்கள். இம்முறை விண்ணப்பத்தை அனுப்புமுன் ராத்தா அந்த வரியைச் சத்தமாக வாசித்தார், இரண்டு தடவை.