மலைவழிக்கு ஒரு மின் கட்டுச்சோறு

வழிநடைப் பயணத்திற்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவது நம் முன்னோர் வழக்கம். எத்தனை நாள் நடை, வழியில் சத்திரம் எங்கே, கிணறு எங்கே என்பவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே சோற்று மூட்டையின் அளவு முடிவாகும். இன்று நெடிய மலைவழி நடப்போர் மற்றொரு கட்டுச்சோற்றையும் தோளில் சுமக்கின்றனர். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் தலைவிளக்குக்கும் வேண்டிய மின்னாற்றலே அது. சோற்றுக்குக் கணக்குப் பார்ப்போர் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்கத் தவறுவதால் நேரும் இடர் சிறிதன்று.

நம்மிடம் பயின்று சென்ற மாணவர் ஒருவர் நேபாளத்தின் கும்புப் பகுதியில், லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்பினார். 2,860 மீட்டர் உயரத்தில் தொடங்கி 5,364 மீட்டர் உயரம் வரை செல்லும் வழி அது. கடைசித் தங்குமிடமாகிய கோரக் ஷெப்பிலிருந்து ஒரு விடியற்காலையில் காலா பத்தர் என்னும் குன்றின்மீது ஏறிக்கொண்டிருந்தார். 40 விழுக்காடு மின்னேற்றம் காட்டிய கைப்பேசி ஒரே நொடியில் அணைந்துவிட்டது. வழியின் வரைபடமும் வழிகாட்டியின் எண்ணும் அதனுள்ளேதான் இருந்தன. உடன் வந்தோர் முன்னே சென்றுவிட்டனர், மேகமும் இறங்கிவிட்டது. வேறொரு குழுவினர் அவ்வழியே கீழிறங்கி வரும்வரை அவர் ஒரு பாறையோரம் குளிரில் நின்றிருந்தார். நண்பகலில் விடுதியின் அடுப்பருகே அமர்ந்தபோது கைப்பேசி உயிர்பெற்றது. 35 விழுக்காடு காட்டியது. "பழுது எங்கே?" என்று ஊர் திரும்பியதும் நம்மிடம் வினவினார். பழுது எதுவும் இல்லை என்பதே விடை.

கைப்பேசியில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். 1991 ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தாரால் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதன் அடிப்படையை அமைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இக்கலத்தின் இரு முனைகளுக்கிடையே ஒரு நீர்மம் உண்டு. லித்தியம் அயனிகள் அந்நீர்மத்தின் வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதே மின்னோட்டத்திற்கு ஆதாரம். கடுங்குளிரில் நீர்மம் தடிக்கிறது. அயனிகளின் நடை தளர்கிறது. கலத்தின் உள் தடை உயர்கிறது. கேமராவும் திரையும் ஒருசேர மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சடுதியில் வீழ்கிறது. அவ்வீழ்ச்சியைக் கண்ட கைப்பேசி, மின்னாற்றல் தீர்ந்துவிட்டதெனக் கருதித் தன்னை அணைத்துக்கொள்கிறது. பானையில் நீர் இருந்தும் அதன் வாய் உறைந்துவிட்ட நிலை எனலாம். வெப்பம் வந்தால் வாய் திறக்கும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த கலத்திற்கு மின்னேற்றம் செய்தலாகாது. மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைதல் வேண்டும். குளிரில் நுழைய இயலாமல் அவை மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகின்றன. அவ்வாறு படிந்ததில் பெரும்பகுதி மீண்டும் பயன்படாது. கலத்தின் கொள்ளளவு நிலையாகக் குறைந்துபோகும். படிவு ஊசிபோல் வளர்ந்து உட்சுற்றில் குறுக்கிணைப்பை உண்டாக்கவும் கூடும். ஆகவே கைப்பேசியையும் மின்சேமிப்புப் பெட்டியாகிய பவர் பேங்கையும் இரவில் உறங்கும் பைக்குள் உடலோடு வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பகலில் உள்சட்டைப் பைக்குள் வைத்தல் வேண்டும். குளிர்ந்துபோனதை உடற்சூட்டில் மீட்ட பின்னரே மின்னேற்றம் செய்தல் வேண்டும்.

1953 இல் எவரெஸ்டின் உச்சியை அடைந்த எட்மண்ட் ஹிலாரி தம் கேமராவைச் சட்டைக்குள் வைத்தே கொண்டு சென்றார். அதில் மின்கலம் இல்லை. எனினும் குளிர் அதனை முடக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். டென்சிங் உச்சியில் நிற்கும் படம் நமக்குக் கிடைத்தது அதனாலேதான். அதே ஹிலாரி முந்தைய இரவில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் உறைந்து கிடந்த அவற்றை அடுப்பில் காட்டி இளக்கவேண்டியதாயிற்று என்பது வேறு கதை.

இனிக் கணக்கிற்கு வருவோம். கடைகளில் 20,000 என்னும் எண்ணைக் கண்டு, நம் கைப்பேசி 5,000, ஆதலின் நான்கு முறை நிரப்பலாம் என வகுத்துப் பார்ப்பது பலரது வழக்கம். இவ்வகுத்தல் பிழையானது. மில்லி ஆம்பியர்-மணி என்பது மின்னழுத்தத்தோடு சேர்த்தே பொருள் தருவது. பெட்டியின் உள்ளே இருப்பது 3.7 வோல்ட்டு, 20,000 மில்லி ஆம்பியர்-மணியை அதனால் பெருக்கினால் 74 வாட்-மணி. அதனை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், கைப்பேசி அதனை மீண்டும் தாழ்த்தி ஏற்கும்போதும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். கலத்தைச் சென்றடைவது 55 முதல் 60 வாட்-மணி வரைதான். 5,000 மில்லி ஆம்பியர்-மணி கைப்பேசிக்கு ஒருமுறை நிரம்ப ஏறத்தாழ 19 வாட்-மணி வேண்டும். எனவே நான்கன்று, மூன்றே முறை. வானூர்தியில் 100 வாட்-மணிக்கு உட்பட்ட பெட்டியைத் தனி இசைவின்றிக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தல் ஆகாது.

வரவு தெரிந்தது, செலவு என்ன? மலையில் கைப்பேசியை வீணே வெறுமையாக்குவது அலைவரிசைத் தேடல். கோபுரம் எட்டாத பள்ளத்தாக்கில் அது தன் முழுவலிமையோடும் ஓயாது தேடிக்கொண்டேயிருக்கும். வானூர்தி முறைக்கு மாற்றிவிட்டால் இச்செலவு நின்றுவிடும். இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். நின்றுவிடுமே என அஞ்சவேண்டா. அது செயற்கைக்கோள்களின் குறிகளைக் கேட்கிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்திருந்தால் அலைவரிசையின்றியே வழி காட்டும். திரையின் ஒளியையும் தாழ்த்தி, படம் எடுக்கவும் இடையிடையே வழி பார்க்கவும் மட்டும் பயன்படுத்தினால் நாளொன்றுக்குக் கால் பங்கு போதும். பன்னிரண்டு நாள் நடைக்கு மூன்று நிறைவு. நிரம்பிய கைப்பேசியும் நிரம்பிய பெட்டியும் சேர்ந்து நான்கு நிறைவு தரும். எஞ்சும் ஒன்று குளிருக்கும் எதிர்பாராமைக்கும். மாலைதோறும் திரைப்படம் காண விழைவோர்க்கு இக்கணக்கு பொருந்தாது.

முதுகில் சூரியத் தகட்டைத் தொங்கவிட்டு நடப்போரையும் மலைவழிகளில் காண்கிறோம். தகட்டின்மேல் எழுதியுள்ள வாட் அளவு, ஆய்வகத்தில் 25 பாகை வெப்பநிலையில், முழு ஒளி நேராக விழும்போது கிடைப்பது. நடப்பவன் முதுகில் அஃது எங்ஙனம் கிடைக்கும்? கும்புப் பள்ளத்தாக்கில் ஏறும்போது நாம் பெரும்பாலும் வடக்கு நோக்கி நடக்கிறோம். இலையுதிர் காலத்துச் சூரியன் தெற்கே முதுகுப்புறம் இருக்கும். தகடு ஓரளவு பயன் தரும். திரும்பும்போது முதுகு வடக்கு நோக்கியது. தகடு நிழலில் கிடக்கும். வரிசையாக இணைந்த கண்ணறைகளுள் ஒன்றில் நிழல் விழுந்தாலும் ஏனையவற்றின் மின்னோட்டமும் தடைப்படும். தகட்டை ஓரிடத்தில் சூரியனுக்கு நேரே சாய்த்து வைத்து, மேகம் வந்து போகும்போதெல்லாம் இடறாதவாறு முதலில் பெட்டியை நிரப்பி, இரவில் பெட்டியிலிருந்து கைப்பேசியை நிரப்புவதே முறை. இரண்டு வாரத்திற்கும் மேலாக விடுதியே இல்லாத, வெயில் மிகுந்த வழிகளுக்கே தகடு தன் எடைக்கு ஈடு செய்யும் என்பது நம் கருத்து.

கும்பு வழியில் விடுதிகள் உண்டு. கட்டணம் பெற்றுக்கொண்டு மின்னேற்றித் தருவர். உயரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். இதனைக் கொள்ளை எனச் சினப்போர் அம்மின்னாற்றல் அங்கு வந்த வரலாற்றை அறிதல் நன்று. நாம்சே பசாருக்கு மின்னொளி தரவென்று தாமே அருகில் கட்டப்பட்டு நிறைவுறும் நிலையிலிருந்த சிறு நீர்மின் நிலையம், 1985 ஆகஸ்டு 4 அன்று டிக் சோ என்னும் பனியாற்று ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் அழிந்தது. பாலங்களும் வீடுகளும் உடன் சென்றன. பின்னர் ஆஸ்திரிய நாட்டு உதவியுடன் வேறிடம் தேர்ந்து, ஏறத்தாழ 600 கிலோவாட் ஆற்றலுள்ள நிலையத்தை 1990களின் நடுவில் நிறுவினர். தெங்போச்சே மடாலயம் மின்னொளி பெற்றது 1988 இல். மறு ஆண்டு சனவரியிலேயே மின்கசிவுத் தீயில் எரிந்துபோயிற்று. மீண்டும் கட்டி முடித்தது 1993 இல். 2024 ஆகஸ்டு 16 அன்று மேலேயுள்ள ஏரிகள் உடைந்து தாமே சிற்றூரின் வீடுகளையும் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் வெள்ளம் சிதைத்தது. நாம்சேவுக்கு மேலே பல விடுதிகள் கூரையில் பதித்த தகடுகளையும், மனிதரும் விலங்குகளும் சுமந்து சென்ற மின்கலங்களையும் நம்பியிருக்கின்றன. மேகமூட்டமான நாளில் அவ்விடுதியின் சமையலறை விளக்கும் நம் கைப்பேசியும் ஒரே கலத்திலிருந்துதான் பங்கு பெறவேண்டும்.

சில சிறு குறிப்புகளும் உண்டு. தலைவிளக்கில் இடும் சாதாரண ஆல்கலைன் கலம் குளிரில் சோர்ந்துவிடும். மீள மின்னேற்ற இயலாத லித்தியம் கலம் விலை கூடியதாயினும் எடை குறைந்தது, கடுங்குளிரிலும் தளராதது. வெளியே குளிர்ந்த கேமராவைச் சாண வரட்டி எரியும் விடுதிக் கூடத்திற்குள் அப்படியே கொண்டுவந்தால் ஆடியிலும் உள்ளுறுப்பிலும் நீர் பூக்கும். காற்றுப் புகாப் பையில் மூடி உள்ளே கொண்டுவந்து, மெல்ல வெப்பமேற விடுதல் வேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை இந்தியாவிற்குள் உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமாதலின், தில்லி வழியே நேபாளம் செல்வோர் அதனை உடன்கொண்டு புறப்படுதல் தகாது. செத்த கலங்களை மலையில் எறியாமல் கீழே கொண்டுவருதல் வேண்டும்; அப்பகுதியின் கழிவுகளை அகற்றுவதற்கென 1991 இல் தொடங்கப்பெற்ற சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு இன்றும் போராடிக்கொண்டிருக்கிறது.

அம்மாணவர் மீண்டும் அவ்வழி செல்லவிருக்கிறார். சூரியத் தகடு வாங்கலாமா என்று கேட்டு வந்தவருக்கு மேற்கண்ட கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினோம். தகடு வேண்டாமென்று விட்டுவிட்டார். உள்சட்டையில் இரண்டு பைகள் தைத்துக்கொண்டார். காத்மாண்டுவில் இறங்கியதும் காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிச் சென்றார்.