வாடைக் காற்றும் மன்னார்க் கடலும்: படம் எடுக்கப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

மார்கழி விடுமுறை தொடங்கியதும் மன்னார்த் தாம்போதியின் ஓரத்தில் வாகனங்கள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடும். நீண்ட லென்ஸ் பூட்டிய கமராக்களோடு இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் பூநாரைகளைத் தேடி வருகிறவர்கள். இன்னும் சிலர் அங்கே நிற்பதில்லை. நேரே தலைமன்னார்ப் பக்கம் ஓடுகிறார்கள். காற்றில் விரிந்த பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்குகிறவர்களைப் படம் எடுப்பது அவர்களின் நோக்கம். 'கைற் சேர்ஃபிங்' என்று சொல்லப்படும் இந்த விளையாட்டு கற்பிட்டியில் வேரூன்றி, இப்போது மன்னார்த் தீவையும் எட்டியிருக்கிறது.

குளிர்காலத்தில் நெடுந்தூரம் வாகனம் ஓட்டிப்போய் அலைச்சறுக்கு வீரர்களைப் படம் பிடிப்பது உலகெங்கும் ஒரு மோகமாகிவிட்டது. ஐஸ்லாந்தின் உறைபனிக் கரைகளில் எடுக்கப்பட்டு 2017இல் வெளிவந்த 'அண்டர் ஆன் ஆர்க்டிக் ஸ்கை' ஆவணப்படம் அதற்கு நல்ல உதாரணம். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மன்னாருக்கு வருகிறவர் முதலில் ஏமாந்து போவார். இங்கே சறுக்குவதற்கு அலையே இல்லை.

அலை ஏன் இல்லை?

அலைச்சறுக்குக்கு ஏற்ற நீண்ட அலைகள் தொலைதூரச் சமுத்திரப் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உருண்டு வருபவை. நமக்கு அவை பெரும்பாலும் தென்சமுத்திரத்திலிருந்து வருகின்றன. சித்திரை முதல் ஐப்பசி வரை அறுகம்குடாவும், மற்றைய மாதங்களில் வெலிகம, ஹிக்கடுவ கரைகளும் சறுக்கு வீரர்களால் நிறைவது இதனால்தான். மன்னாரின் வடக்கே உள்ள பாக்கு நீரிணைக் கடல் மூன்று பக்கமும் நிலத்தாலும் தீவுகளாலும் சூழப்பட்டது. பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழம்கூட இல்லாதது. தெற்கே மன்னார் வளைகுடா திறந்திருந்தாலும், அடிநிலம் படிப்படியாக மேடாகி வருவதால் அலை கரைக்கு வருமுன்னரே வலுவிழந்துவிடுகிறது. தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணையின் மணற்திட்டுகளில் சில இடங்களில் ஒரு மீற்றர் ஆழமே இருக்கும்.

ஆனால் அலைக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று மழையோடு வரும். மார்கழிக் கடைசியில் மழை குறைந்த பிறகும் வாடை நிற்காது. மாசி வரை நாள்தோறும் வீசும். இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடல்வெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. கைற் சேர்ஃபிங்குக்குத் தேவை 15 முதல் 25 நொட் காற்று, அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 முதல் 46 கிலோமீற்றர். அதோடு இடுப்பளவு ஆழமுள்ள தட்டையான நீரும் வேண்டும். மன்னாரில் இரண்டும் உண்டு.

இரண்டு கரைகள், இரண்டு வெளிச்சங்கள்

மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிறது. எனவே வாடை அதன் குறுக்காக வீசுகிறது. பேசாலை இருக்கும் வடகரையில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வரும். நீர் கலங்கிக் குட்டையான அலைகளாக நெளியும். தாழ்வுபாடு இருக்கும் தென்கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நீர் கண்ணாடிபோல் கிடக்கும். படத்துக்கு அழகான கரை தென்கரைதான். ஆபத்தானதும் அதுவே. பட்டம் விழுந்துவிட்டால் வீரரைக் காற்று வளைகுடாவுக்குள் இழுத்துக்கொண்டு போகும். மீட்புப் படகு தயாராக இல்லாமல் அங்கே எவரும் இறங்கக்கூடாது. படம் நன்றாக வரவேண்டும் என்பதற்காக "இன்னும் கொஞ்சம் வெளியே போங்கள்" என்று சைகை காட்டுகிறவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வெளிச்சமும் கரைக்குக் கரை மாறும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலிலும் வெயில் உச்சியிலிருந்து விழாது. வடகரையில் மதியத்துக்குப் பின் சூரியன் நமது முதுகுப்பக்கம் இருக்கும். முகமும் நிறமும் தெளிவாக விழும். ஆனால் உப்புத்துளி நேரே லென்ஸில் படியும். தென்கரையில் மாலை வெயில் எதிரே நிற்கும். பட்டமும் ஆளும் கருநிழலாகத் தெரியும். உப்புக்குப் பதிலாகப் பின்னாலிருந்து மணல் அடிக்கும். எந்தக் கரையானாலும் வெளியில் நின்று லென்ஸ் மாற்றுவது கமராவைப் பழுதாக்கும்.

குளிர் உண்டா என்று கேட்டால், உண்டு. கோடையில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் கடல்நீர், தை மாதத்தில் 25, 26 பாகைக்கு இறங்கும். ஐஸ்லாந்துக்காரர் இதைச் சுடுநீர் என்பார். ஆனால் நனைந்த உடம்பில் வாடை படும்போது நீர் ஆவியாகி உடல்வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணிநேரத்துக்குப் பிறகு பல் கிட்டும். சறுக்குகிறவர்கள் மெல்லிய ரப்பர் உடை அணிவதும், கரையில் நிற்கிறவர் மாற்றுடுப்பு வைத்திருக்க வேண்டியதும் இதனால்தான்.

பாதை

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அநுராதபுரம், மதவாச்சி வழியாக ஏ-14 வீதியில் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருவோருக்கு 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி ஊடான ஏ-32 வீதி வசதியாகிவிட்டது. விடியற்காலை வெளிச்சத்தைப் பிடிக்க இருட்டில் ஓடுகிறவர்கள் மாடுகளையும், மன்னாருக்கே உரிய கட்டாக்காலிக் கழுதைகளையும் எதிர்பார்த்து ஓடவேண்டும். இருட்டில் அவை வீதி நடுவே அசையாமல் நிற்கும்.

காற்று யாருக்கு?

இந்தக் காற்றை நம்பி இருப்பவர்கள் சறுக்குகிறவர்கள் மட்டுமல்ல. 2020இல் தென்கரை நெடுகத் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்களும் இதே காற்றில்தான் சுழல்கின்றன. மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். அதே கோபுரங்கள் சுற்றுலாப் படங்களில் அழகான பின்னணியாக வந்துவிடுகின்றன.

பறவைகளும் இந்தப் பருவத்துக்கே வருகின்றன. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தனை தூரம் பறக்கும் பறவைக்கு, சதுப்பில் அமைதியாக மேயக் கிடைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் அடுத்த பயணத்துக்கான கொழுப்பு. தலைக்குமேல் திடீரென விரியும் பட்டத்தையோ ட்ரோனையோ அது வல்லூறாகவே எடுத்துக்கொள்ளும். கூட்டம் ஒருமுறை கிளம்பினால் நமக்கு ஒரு நல்ல படம் கிடைக்கும். பறவைக்கு அது நட்டம். ஜேர்மனியின் வாடன் கடல் தேசியப் பூங்காவில் கைற் சேர்ஃபிங் குறித்த சில இடங்களுக்குள் மட்டுப்படுத்தப்பட்டிருப்பதும் இதே காரணத்தால்தான். இங்கே இராமர் அணை 2015 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் பொருந்தும். சர்வதேசக் கடல் எல்லையும் அருகிலேயே இருப்பதால் கடற்படையின் கண் எப்போதும் இருக்கும்.

மீனவர்களை எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லாது. தாழ்வுபாடு, வங்காலைப்பாடு என்ற ஊர்ப்பெயர்களில் உள்ள 'பாடு' கரைவலை வளைக்கும் கரைத்துண்டைக் குறிப்பது. படம் எடுப்பவருக்கு வெறுங்கடலாகத் தெரியும் இடத்தில் வலை கிடக்கலாம். பட்டத்தின் கயிறு இருபது மீற்றருக்கு மேல் நீளமானது. அது வலைக் கயிற்றில் சிக்கினால் வீரருக்கு உயிராபத்து, மீனவருக்கு அன்றைய உழைப்பு போய்விடும்.

ஆகவே மன்னாருக்குப் படம் எடுக்கப் போகிறவர், கமராவை வெளியே எடுக்குமுன் கரையில் உள்ள வாடிக்குப் போய், "அண்ணை, இண்டைக்கு வலை எங்க கிடக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். காற்று எப்போது எழும், எப்போது விழும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தொலைபேசியில் வரும் வானிலைச் செயலியைவிட அவர்களின் கணக்குப் பிழைப்பது குறைவு.