புயலை அடக்கிய தைலக் குப்பி

வங்காள விரிகுடாவில் உருவான கடும்புயல் கல்கத்தாவைத் தாக்கவிருப்பதாக வானிலை அறிவிப்பு வெளியாகிறது. நகரமே அஞ்சிக் காத்திருக்கிறது. புயலோ வரவேயில்லை. அறிஞர்கள் நாளேடுகளில் காரணம் தேடி வாதிடுகின்றனர். நடந்தது இதுதான்: இலங்கைக்குக் கப்பலில் சென்ற ஒருவர், கொந்தளித்த கடலில் ஒரு குப்பிக் கூந்தல் தைலத்தை வீசினார், கடல் அடங்கிவிட்டது!

அறிவியல் மேதை ஜகதீஷ் சந்திர போஸ் 1896-இல் வங்க மொழியில் எழுதிய சிறுகதை இது. கூந்தல் தைல நிறுவனம் ஒன்றின் போட்டிக்காக எழுதப்பட்டு முதற்பரிசு பெற்றது. (விளம்பரத்திற்கென எழுதப்பட்டவை அனைத்தும் மறக்கப்படுவதில்லை என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி.) 1921-இல் இதனைத் திருத்தித் தம் நூலொன்றிலும் சேர்த்தார்.

எண்ணெய்ச் செய்தி வெறுங்கற்பனையன்று. பெஞ்சமின் பிராங்க்ளின் இலண்டனையடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயிட்டுச் சிற்றலைகள் அடங்கக் கண்டவர். மெல்லிய எண்ணெய்ப் படலம் நீரின்மேல் காற்றின் பிடியைத் தளர்த்துகிறது. குளத்திலிருந்து புயலுக்குத் தாவியதே போஸின் குறும்பு.

ஸ்ரீவிஜயபுரத்தில், பழக்கத்தால் இன்னும் போர்ட் பிளேர் என்றே நாம் அழைக்கும் ஊரில், இதைப் படிக்கும்போது முதலில் சிரிக்கிறோம். பின்னர்ச் சிரிப்புத் தயங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலை காற்று எழுப்பியதன்று. கடலடித் தரையே பெயர்ந்ததால் மேலிருந்த நீர் முழுவதும் நகர்ந்தது. எந்தத் தைலத்திற்கும் அது அடங்காது. கதையில் அறிவிப்பு வந்தது, புயல் வரவில்லை. இங்கோ கடல் வந்தது, அறிவிப்பு வரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. இத்தீவுகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்.

ஆயினும் லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே மக்களிடம் வாய்வழிக் கதையாக ஓர் எச்சரிக்கை இருந்தது: நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்குச் செல்லவேண்டும். ஏறத்தாழ நூறு பேரே கொண்ட அச்சமூகம் அவ்வாறே சென்று உயிர் பிழைத்தது.

இதனை அறிந்தபின் போஸின் கதையில் நம்மை நிறுத்துவது தைலக் குப்பியன்று. புயல் வராமற்போனதும், பயனற்ற வானிலை அலுவலகத்துக்கு வரிப்பணம் எதற்கு என்று ஒரு நாளேடு கேட்கும் இடமே. 1896-இல் அது நல்ல நகைச்சுவையாக இருந்திருக்கும். தீவில் வாழ்வோருக்கு அக்கேள்வி சற்றே அச்சம் தருவது.

2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவையடுத்த கடலில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நிக்கோபாருக்கு எச்சரிக்கை விடப்பட்டது. வந்தவை சிற்றலைகளே. எச்சரிக்கை விலக்கப்பட்டபின், மேட்டுக்குச் சென்றிருந்தவர்கள் வீடு திரும்பினர்.