மாவட்டப் பிரிவினையும் ஊராட்சித் தேர்தலும்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஓர் அரசமைப்புச் சட்ட நோக்கு

முன்னுரை

ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். அக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்தல் வேண்டும். 73ஆவது திருத்தத்தின் வழி அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்ற 243-இ உறுப்பு இவ்வாறு வரையறுக்கின்றது. எனினும், சங்கரன்கோவில் ஊராட்சி ஒன்றியத்தில் 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அமைப்பு எதுவும் இயங்கவில்லை. ஓர் ஊராட்சியின் முழு ஆயுளுக்கு நிகரான காலம் தனி அலுவலர்களின் நிருவாகத்தில் கழிந்தது. இந்நிலைக்கு வழிகோலிய சட்டச் சூழலை, குறிப்பாக மாவட்டப் பிரிவினையின் பங்கை, இக்கட்டுரை விளக்குகின்றது.

தாமதத்தின் இரு கட்டங்கள்

முதற்கட்டத் தாமதம் தமிழகம் முழுமைக்கும் பொதுவானது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று இரத்துச் செய்தது. பின்னர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் வார்டுகளை மறுவரையறை செய்யும் பணி தொடர்ந்தது.

இரண்டாம் கட்டம் புதிய மாவட்டங்களால் நேர்ந்தது. திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று செயற்பாட்டுக்கு வந்தது. சங்கரன்கோவில் அதன்கண் அமைந்தது. அடுத்த இரு வாரங்களில், டிசம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றம் பிரிவினைக்குள்ளான ஒன்பது மாவட்டங்களை விலக்கி ஏனையவற்றில் ஊரகத் தேர்தலை நடத்த அனுமதித்தது. விலக்கப்பட்ட மாவட்டங்களில் மறுவரையறையை முடித்து நான்கு மாதங்களில் தேர்தல் நடத்துமாறும் ஆணையிட்டது. பிற 27 மாவட்டங்களில் டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு நிகழ்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றும் குறுக்கிட, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களிலேயே தேர்தல் நடைபெற்றது.

சட்டச் சிக்கலின் மையம்

மாவட்டத்தைப் பிரிப்பது மாநில அரசின் நிருவாக அதிகாரம். ஆனால் 243-பி உறுப்பின்படி மாவட்ட ஊராட்சி ஓர் அரசமைப்பு நிறுவனம். மாவட்ட எல்லை மாறும்போது அதன் வார்டுகளும், 243-டி உறுப்பின்படி மக்கள்தொகை விகிதத்தில் அமையும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் இட ஒதுக்கீடும் மாறுதல் தவிர்க்க இயலாதது. ஆகவே மறுவரையறையைக் கோருவது நியாயமே. அதற்குரிய காலத்தை அரசமைப்புச் சட்டம் தனியே வழங்கவில்லை என்பதே சிக்கல்.

கிஷன்சிங் தோமர் வழக்கில் (2006), காலக்கெடுவுக்குள் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கட்டாயக் கடமை என உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. சுரேஷ் மகாஜன் வழக்கில் (2022), மறுவரையறை நிறைவுறாமை தேர்தலைத் தள்ளிவைக்கக் காரணமாகாது. நடைமுறையிலுள்ள வரையறையைக் கொண்டே தேர்தல் நடத்தலாம் என்றது. இந்நிலைப்பாடு 2019 ஆணையினின்று வேறுபட்ட திசையில் செல்வது கருதத்தக்கது.

இழப்பின் தன்மை

2016ஆம் ஆண்டில் தமிழகம் ஊராட்சிகளில் மகளிர்க்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கச் சட்டம் இயற்றியது. சங்கரன்கோவில் வட்டாரப் பெண்கள் அவ்வுரிமையை முதன்முறை நுகர ஐந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மேலும், 14ஆவது நிதிக்குழுவின் மானியம் (2015–2020) முறையாக அமைக்கப்பட்ட ஊராட்சிகளுக்கே உரியது. எனவே தேர்தலின்மை பிரதிநிதித்துவ இழப்பாக மட்டுமன்றி நிதி இழப்புக்கான வாயிலாகவும் அமைந்தது.

எல்லை வரையறையைச் சுட்டித் தேர்தல் நிற்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் எல்லை நிருணய அறிக்கையை நாடாளுமன்றம் 2018 ஆகத்தில் நிராகரித்ததைத் தொடர்ந்து மாகாண சபைத் தேர்தல்கள் முடங்கின. வட மாகாண சபை அவ்வாண்டு அக்டோபரில் ஆயுள் முடிந்து கலைந்தது.

முடிவுரை

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன் நிருவாக எல்லைகளை மாற்றாது நிறுத்திவைக்கும் மரபு உண்டு. உள்ளாட்சிகளின் ஆயுள் முடியும் தறுவாயிலும் அத்தகைய தடையைச் சட்டமாக்குதல் பயன் தரும். அல்லது பிரிவினை ஆணையிலேயே மறுவரையறைக்கான இறுதி நாளைக் குறித்தல் வேண்டும். 2021 அக்டோபரில் பொறுப்பேற்ற தென்காசி மாவட்ட ஊராட்சிகளின் ஆயுள் 2026 அக்டோபரோடு நிறைவுறுவதால், இவ்வினா அவ்வட்டார மக்களுக்கு வரலாற்றுச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.